தடுத்து நின்றவர்கள் – 9: கரிக்கடையில் ஓர் உள்துறை அமைச்சர்

சென்ற வாரம் 1933 மார்ச் 23ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். இடம் பெர்லின், குரோல் ஒபேரா அரங்கம். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்து ஒரு மாதம்கூட ஆகாததால் சபை அங்கே கூடியது. சட்டம் போடும் அதிகாரத்தை மொத்தமாக ஹிட்லர் கையில் தூக்கிக் கொடுக்கும் மசோதாவுக்கு ஆதரவாக 444 பேர், எதிராக 94 பேர். எதிர்த்த அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அவர்கள் தலைவர் ஓட்டோ வெல்ஸ் அன்று எழுந்து பேசிய பேச்சையும் பார்த்தோம்.

ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அந்தக் கட்சிக்குச் சபையில் 120 உறுப்பினர்கள். 94 போக மிச்சம் 26 பேர் எங்கே? சிலர் ஏற்கெனவே சிறையில் இருந்தார்கள். சிலர் உயிர் பிழைக்க எல்லை தாண்டியிருந்தார்கள். ஒருவர் அரங்கத்து வாசல்வரை வந்துவிட்டார். உள்ளே கால் வைக்குமுன் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பு என்றெல்லாம் அன்றைக்கு யாரிடம் போய்ச் சொல்வது? வாக்களிக்க வந்த இடத்தில் கைதான அந்த மனிதர் யூலியுஸ் லேபர். வயது 41.

அடுத்த நான்கு ஆண்டுகளை அவர் சிறையிலும் வதைமுகாமிலும் கழித்தார். வெளியே வந்து கரி விற்றார். 1944இல் ஹிட்லரைக் கொன்றுவிட்டுப் புதிய அரசு அமைக்கத் திட்டமிட்டவர்கள், உள்துறை அமைச்சர் நாற்காலியை அந்தக் கரிக்கடைக்காரருக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஜூலை 20 சதி என்றால் நமக்கெல்லாம் ஒற்றைக்கண் கர்னல் ஸ்டௌஃபன்பர்க்கும் குண்டு வைத்த அவருடைய தோல்பையும்தான் ஞாபகத்துக்கு வரும். சினிமாவும் அதைத்தான் காட்டியது. அந்தக் கர்னலே அரசியல் பாடம் கேட்கப் போய் உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு. இந்த வாரம் அங்கே போவோம்.

*

லேபர் பிறந்தது 1891 நவம்பர் 16, அல்சாஸ் பகுதியில் ரைன் நதியோரம் பீஸ்ஹைம் என்ற கிராமம். 1871இல் பிரான்சிடமிருந்து ஜெர்மனி பறித்துக்கொண்ட மண் அது. தாய்க்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பின்னால் அவரை மணந்துகொண்ட ழான் லேபர் என்ற கொத்தனார் பையனைத் தன் பிள்ளையாக ஏற்றுத் தன் பெயரையும் கொடுத்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பிரைசாக் ஊரில் படிப்பு. பிறகு சுவர்க்காகிதம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பழகினார். அதை விட்டுவிட்டு மறுபடியும் பள்ளிக்கூடம். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் செலவுக்குப் பணம் தேடி, 1912இல் ஃப்ரைபர்க் நகரில் பள்ளி இறுதித் தேர்வு எழுதினார். பொருளாதாரம் படிக்கக் கல்லூரிக்குப் போன காலத்திலேயே சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

1914இல் போர் வந்ததும் தானாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். காயம் பட்டார், பதக்கங்கள் வாங்கினார், லெப்டினன்ட் ஆனார். கெய்சரின் ராணுவத்தில் அதிகாரி பதவி என்பது பெரிய குடும்பத்துப் பிள்ளைகளின் சொத்து. கொத்தனார் வீட்டுப் பையன், அதிலும் சோஷலிஸ்ட், அந்தத் தோள்பட்டைச் சின்னத்தைப் பெற்றது சாதாரணமில்லை. போர் முடிந்ததும் அல்சாஸ் பிரான்சுக்கே திரும்பிப் போனது. லேபர் ஜெர்மனியிலேயே இருந்துவிட்டார், ராணுவத்திலும் தொடர்ந்தார்.

1920 மார்ச் 13. வலதுசாரித் துருப்புகள் பெர்லினுக்குள் புகுந்து காப் என்பவரை ஆட்சியில் உட்கார வைத்தன. அரசாங்கம் முதலில் டிரெஸ்டனுக்கும் அங்கிருந்து ஷ்டுட்கார்ட்டுக்கும் ஓடியது. லேபர் அப்போது பொமரேனியாவில் பெல்கார்ட் என்ற ஊரில் இருந்தார். சுற்றிலும் இருந்த அதிகாரிகளுக்குக் கலகக்காரர்கள் மேல்தான் பாசம். லேபர் குடியரசின் பக்கம் நின்றார். நாடு முழுக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரயில் ஓடவில்லை, பெர்லினில் விளக்கு எரியவில்லை. நான்கே நாளில் காப் மூட்டை கட்டிக்கொண்டு போனார். சட்டப்படியான அரசாங்கத்துக்கு விசுவாசமாக நின்ற லேபருக்கு ராணுவத்தில் இனி இடமில்லை என்றாகிவிட்டது. அவர் சீருடையைக் கழற்றினார். கலகம் செய்த அதிகாரிகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த நான்கு நாளை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கி ஒரு பக்கம், தொழிற்சாலை ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் இரண்டில் எதுவும் நாட்டை ஆள முடியாது என்பதை லேபர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெல்கார்டில் நின்று பார்த்தார். அவருடைய மிச்ச வாழ்க்கை முழுக்க இந்தப் பிளவை அடைக்கும் முயற்சிதான் என்பது என் கணிப்பு.

*

டாக்டர் பட்டம் முடித்து 1921இல் லூபெக் நகருக்கு வந்தார். பால்டிக் கடலோரத்துப் பழைய வணிக நகரம். அன்று தனி மாநில அந்தஸ்து பெற்றிருந்த ஊர். தாமஸ் மன் பிறந்த ஊர். அங்கே ‘லூபெக்கர் ஃபோல்க்ஸ்போட்டே’ என்ற கட்சிப் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். நகர மன்றத்தில் உறுப்பினர், 1924 முதல் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றத்தில் உறுப்பினர். ஊரின் பெரிய பள்ளிக்கூடமான கத்தரீனியத்தின் தலைமையாசிரியர் மகள் அன்னெடோரை 1927இல் மணந்தார். ஒரு மகள், ஒரு மகன். நல்ல சாப்பாடு, நல்ல மது, காரசாரமான விவாதம் இவற்றில் பிரியமுள்ள மனிதர். தெற்கத்தி அல்சாஸ்காரர், வடக்கத்தித் துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தலைவரானார்.

சொந்தக் கட்சியோடு அவருக்கு ஓயாத தகராறு. கட்சியில் பலருக்கு ராணுவம் என்றாலே ஒவ்வாமை. லேபரோ, ராணுவத்தைத் தீண்டாமல் ஒதுக்கினால் அது குடியரசின் எதிரிகள் கையில்தான் இருக்கும், நாம் உள்ளே போக வேண்டும் என்று வாதாடினார். 1928இல் நடந்த கூத்து அவருடைய வாதத்துக்குச் சரியான உதாரணம். ‘போர்க்கப்பல் வேண்டாம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடு’ என்று முழங்கிக் கட்சி தேர்தலில் ஜெயித்தது. ஹெர்மன் முல்லர் பிரதமரானார். கூட்டணி அமைச்சரவை கப்பலைக் கட்ட முடிவு செய்தது. முல்லரும் அதற்குச் சம்மதித்தார். கட்சி விடவில்லை. கடைசியில் பிரதமரும் அவருடைய கட்சி அமைச்சர்களும் சபையில் எழுந்து தங்கள் அமைச்சரவையின் முடிவுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார்கள்! ஆட்சியில் இருந்துகொண்டே எதிர்க்கட்சி வேஷம் போடும் இந்தப் பழக்கம் லேபருக்கு எரிச்சலூட்டியதில் ஆச்சரியம் இல்லை. பொறுப்பை ஏற்கக் கூசுகிறவர்களுக்கு ஜனங்கள் ஏன் நாட்டைக் கொடுக்க வேண்டும்?

அவருடைய பத்திரிகைக்கு எழுதிய பையன்களில் ஒருவன் ஹெர்பெர்ட் ஃப்ராம். அப்பா இல்லாமல் தாத்தா வீட்டில் வளர்ந்தவன். லேபர் அவனை எழுத வைத்தார், மேற்படிப்புக்குக் கட்சி உதவும் என்று நம்பிக்கை கொடுத்தார். 1931இல் அவன் கட்சி மிதவாதம் பேசுகிறது என்று கோபித்துக்கொண்டு ஒரு சின்ன இடதுசாரிக் கட்சிக்குப் போய்விட்டான். லேபர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. உறவு முறிந்தது, படிப்பு உதவியும் போயிற்று. இந்தப் பையன் பின்னால் மறுபடியும் வருவான், வேறு பெயரில்.

*

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். மறுநாள் நள்ளிரவுக்குப் பிறகு லேபர் வீடு திரும்பும்போது நாஜிகளின் பழுப்புச் சட்டைக்காரர்கள் அவரை வழிமறித்தார்கள். அவரோடு குடியரசுக் காவல் படையான ரைக்ஸ்பானரைச் சேர்ந்த தோழர்கள் இருந்தார்கள். கைகலப்பில் லேபரின் மூக்கெலும்பு உடைந்தது. தோழர்களில் ஒருவர் கத்தியை எடுத்தார். நாஜி ஒருவன் செத்தான். அடி வாங்கிய லேபரையே போலீஸ் கைது செய்தது.

ஜெர்மனியின் மற்ற நகரங்கள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்த அந்த முதல் வாரத்திலேயே லூபெக் தொழிலாளர்கள் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். அதற்கு மேல் போகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்குத் துணிச்சல் இல்லை. ஆனாலும் ஊர் கொந்தளித்தது. சில நாளில் லேபரை ஜாமீனில் விட வேண்டியதாயிற்று. பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. கடும் குளிரில் புர்க்ஃபெல்ட் மைதானத்தில் சுமார் 15,000 பேர் திரண்டார்கள். ஊரின் ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் அது பெருங்கூட்டம். லேபர் மேடைக்கு வந்தார். முகத்தில் கட்டு. கூட்டத்தில் பேசக் கூடாது என்பது நிபந்தனை. அவர் ஒரே ஒரு சொல்லைக் கத்தினார்: “விடுதலை!”

ஃப்ராம் என்ற அந்தப் பையனும் கூட்டத்தில் இருந்தான். லூபெக்கில் தான் கண்டதிலேயே பெரிய ஆர்ப்பாட்டம் அது என்று பிற்காலத்தில் எழுதினான். ஏப்ரலில் ஒரு மீன்பிடிப் படகில் ஒளிந்து டென்மார்க் போய், அங்கிருந்து நார்வே போய்ச் சேர்ந்தான். போகும்போது வைத்துக்கொண்ட புனைபெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது: வில்லி பிராண்ட்.

புர்க்ஃபெல்ட் கூட்டம் நடந்து எட்டு நாள் கழித்து ரைக்ஸ்டாக் எரிந்தது. அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். மார்ச் 5 தேர்தலில் லேபர் மறுபடியும் ஜெயித்தார். 23ஆம் தேதி குரோல் அரங்கத்து வாசலில் கைது. மே மாதம் லூபெக் நீதிமன்றம், அந்த இரவுச் சண்டைக்காக அவருக்கு இருபது மாதச் சிறை விதித்தது. ஜூன் 22இல் கட்சியே தடை செய்யப்பட்டது.

சிறையில் உட்கார்ந்து அவர் செய்த முதல் காரியம் கட்சிக்குப் பிரேதப் பரிசோதனை. ஜெர்மன் சமூக ஜனநாயகம் எதனால் செத்தது என்று அந்தக் கோடையிலேயே எழுத ஆரம்பித்தார். நாஜிகளைத் திட்டி எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். அவர் திட்டியது தன் தலைவர்களை: ஏட்டுக் கோட்பாட்டை ஓதிக்கொண்டு, அலுவலக மேஜையை விட்டு எழாமல், அதிகாரத்தை நாடும் மனஉறுதியே இல்லாமல் போனவர்கள் என்று. கொஞ்சம் கடுமைதான். ஆனால் 1932 ஜூலை 20 நினைவுக்கு வருகிறது. நாட்டின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் இவர்கள் கட்சி ஆட்சி. பெரிய போலீஸ் படையும் இவர்கள் கையில். பிரதமர் பாப்பன் ஒரு ஆணையைப் போட்டு அந்த ஆட்சியைக் கலைத்தார். தலைவர்கள் வழக்குப் போட நீதிமன்றத்துக்குப் போனார்கள். தெருவில் ஒரு கல்கூட எறியப்படவில்லை. வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுவே வேலைநிறுத்தம் எடுபடாது என்று அவர்கள் கணக்குப் போட்டதில் நியாயமும் உண்டு. ஆனால் எதிர்க்காமல் போனதற்கு விலை என்ன என்பதை ஆறே மாதத்தில் பார்த்துவிட்டோம்.

*

இருபது மாதம் முடிந்ததும் வீட்டுக்கு விடவில்லை. தண்டனை முடிந்தவர்களைப் ‘பாதுகாப்புக் காவல்’ என்ற பெயரில் வதைமுகாமுக்கு அனுப்புவது அந்த ஆட்சியின் வழக்கம். எம்ஸ் நதிப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் இருந்த எஸ்டர்வேகன், 1936இல் சாக்சன்ஹவுசன். எஸ்டர்வேகனில் இருட்டறையில் நெடுநாள் தனியாக அடைத்து வைத்தார்கள். சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற பத்திரிகையாளர் கார்ல் ஃபொன் ஒசியட்ஸ்கி வதைபட்டதும் அதே எஸ்டர்வேகனில்தான். 1937 மே 5 அன்று லேபரை விடுதலை செய்தார்கள். உடல் ஒடுங்கியிருந்தது. ஆள் ஒடியவில்லை.

இந்த நான்கு வருஷமும் குடும்பத்தைக் காப்பாற்றியது அன்னெடோர். தலைமையாசிரியர் மகள், சட்டம் படிக்கத் தொடங்கியவர், தையல் கற்றுக்கொண்டார். இரண்டு குழந்தைகளோடு பெர்லினுக்கு வந்து பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். கணவர் விடுதலைக்காக அதிகாரிகளின் கதவையெல்லாம் தட்டினார். லேபர் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பெண்மணியை ஒரு வரியில் கடந்து போவார்கள். அவர் இல்லையென்றால் முகாமிலிருந்து வெளியே வந்த மனிதருக்குத் திரும்பிப் போக வீடு இருந்திருக்காது.

பழைய அரசியல் கைதிக்கு யார் வேலை தருவார்கள்? பெர்லின் ஷோனபெர்க் பகுதியில், டோர்கவர் தெருவில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கரிக்கடை. ‘புருனோ மெயர் நாஹ்ஃபோல்கர்’ என்று பெயர். அதில் லேபர் பங்குதாரர் ஆனார். சுற்றிலும் தண்டவாளங்கள் சூழ்ந்த அந்தத் தொழிலாளர் குடியிருப்புக்கு ‘சிவப்புத் தீவு’ என்று பெயர். (நடிகை மார்லீன் டீட்ரிஷ் அங்கேதான் பிறந்தார். அவர் பிறந்த தெருவுக்கு இன்றைக்கு லேபர் தெரு என்று பெயர்.)

கரிக் குவியல்களுக்கு நடுவே ஒரு சின்ன அறை, பழைய நாற்காலிகள், பக்கத்தில் ரயில் சத்தம். சதி செய்ய இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. போர்க்காலத்தில் கரி ரேஷன். கார்டை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். கோட்டு போட்ட கனவானும் வருவார், கூலித் தொழிலாளியும் வருவார். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். குஸ்டாஃப் டாரென்டார்ஃப் போன்ற பழைய கட்சித் தோழர்கள் வந்தார்கள். பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரான தியோடோர் ஹாய்ஸ் வந்தார். நிஜமான சதிகாரர் குடில் அதுதான் என்ற அர்த்தத்தில் பிற்பாடு எழுதியும் வைத்தார். பிரபுக் குடும்பத்து ஃப்ரிட்ஸ்-டீட்லோஃப் ஃபொன் டெர் ஷூலன்பர்க் வந்தார். வெளியுறவுத் துறை அதிகாரி ஆடம் ஃபொன் டிராட் வந்தார். இந்த டிராட் யார் தெரியுமா? பெர்லினில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் காரியங்களைக் கவனித்த இந்தியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். பகலில் போஸோடு வானொலி, படை என்று பேசிக்கொண்டிருந்த மனிதர் தன் அரசாங்கத்தையே கவிழ்க்கும் வேலையில் இருந்தார்!

1943 கடைசியில் ஸ்டௌஃபன்பர்க்குக்கும் லேபருக்கும் அறிமுகம் ஆயிற்று. டுனீஷியாவில் வலது கையையும் இடது கண்ணையும் இடது கையில் இரண்டு விரலையும் இழந்துவிட்டு வந்த 36 வயது லெப்டினன்ட் கர்னல், கத்தோலிக்கப் பிரபு. எதிரே கொத்தனார் வளர்த்த 52 வயது சோஷலிஸ்ட். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. இருவருமே பட்டாளத்துக்காரர்கள், இருவருக்குமே வளவளப்பு பிடிக்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். லைப்சிக் நகரின் முன்னாள் மேயர் கோர்டெலர்தான் புதிய அரசின் பிரதமர் என்று பேசி வைத்திருந்தார்கள். போர் முடிந்தபின்னும் பழைய எல்லைகளை எப்படியாவது காப்பாற்றலாம் என்று கோர்டெலர் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். சரணடைவதையும் அந்நியப் படைகள் உள்ளே வருவதையும் தவிர்க்க முடியாது, இதில் பேரம் பேச ஒன்றுமில்லை என்று லேபர் முகத்துக்கு நேரே சொன்னார். கோர்டெலரைவிட லேபரே பிரதமராக வரட்டும் என்று ஸ்டௌஃபன்பர்க் விரும்பினார்.

*

இனி 1944 ஜூன். மேற்கே நார்மண்டியில் நேசப் படைகள் இறங்கிவிட்டன. கிழக்கே சோவியத் படை பெருந்தாக்குதலுக்குத் தயாராகிறது. குண்டு வெடித்து ஹிட்லர் செத்தால் மறுநாள் காலையில் தொழிற்சாலைகள் யார் பேச்சைக் கேட்கும்? தலைமறைவாக இயங்கிய கம்யூனிஸ்டுகளுக்குப் பெர்லின் ஆலைகளில் நல்ல வலைப்பின்னல் இருந்தது. அவர்களோடு பேசலாமா? தொழிற்சங்கத் தலைவர் வில்ஹெல்ம் லாய்ஷ்னர் கூடாது என்றார். அந்த அமைப்புக்குள் ரகசியப் போலீஸான கெஸ்டாபோவின் உளவாளிகள் புகுந்திருப்பார்கள் என்பது அவருடைய பயம். கல்வியாளர் அடால்ஃப் ரைக்வைன் பேச வேண்டும் என்றார். லேபரும் அந்தப் பக்கம். ஸ்டௌஃபன்பர்க் தடுக்கவில்லை.

ஜூன் 22 இரவு, பெர்லினில் ஒரு டாக்டர் வீட்டில் சந்திப்பு. யார் பெயரையும் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. கம்யூனிஸ்டுகள் தரப்பில் ஆன்டன் சேஃப்கோ, ஃப்ரான்ஸ் யாகோப் என்ற இருவரை எதிர்பார்த்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். யாகோபும் லேபரும் முகாமில் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தவர்கள். பழைய தோழரைப் பார்த்த சந்தோஷத்தில் யாகோப் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டுவிட்டார். மூன்றாவதாக வந்த ஆள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கெஸ்டாபோவின் ஆள்.

லேபருக்கு ஏதோ சரியாகப் படவில்லை. ஜூலை 4 அன்று வைத்திருந்த அடுத்த சந்திப்புக்கு அவர் போகவில்லை. போன ரைக்வைன் பிடிபட்டார், சேஃப்கோவும் யாகோபும் பிடிபட்டார்கள். மறுநாள் காலை கெஸ்டாபோ கரிக்கடைக்கே வந்து லேபரைக் கொண்டுபோயிற்று.

லாய்ஷ்னர் சொன்னது பலித்தது. அப்படியானால் லேபர் செய்தது முட்டாள்தனமா? பல வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு பெரும் பிழையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தளபதிகள் மட்டும் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தால் அது இன்னொரு காப் கலகம். 1920இல் நான்கு நாளில் அது எப்படிக் கவிழ்ந்தது என்று பார்த்தவர் அவர். தொழிலாளர் துணை இல்லாத அரசாங்கத்தில் உள்துறை அமைச்சராக உட்கார அவருக்கு விருப்பம் இருந்திருக்க முடியாது. சந்தித்த விதத்தில் அஜாக்கிரதை இருந்தது, உண்மை. சந்திக்க எடுத்த முடிவு சரியானது.

லேபர் கைதான செய்தி ஸ்டௌஃபன்பர்க்கை உலுக்கியது. அவர் நமக்கு வேண்டும், அவரை நான் மீட்டே தீருவேன் என்று டிராட்டிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஹிட்லர் பக்கத்தில் குண்டு வைக்கும் வேலையை, பெர்லினில் தலைமை தாங்க வேண்டிய அவரே ஏற்றுக்கொண்டு அவசரப்பட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. லேபர் கைது அவற்றில் ஒன்று. ஜூலை 20 பகல் 12.42க்குக் குண்டு வெடித்தது. ஹிட்லர் பிழைத்தார். அன்றிரவே ஸ்டௌஃபன்பர்க்கைச் சுட்டுக் கொன்றார்கள். உள்துறை அமைச்சராக வேண்டியவர் அப்போது கெஸ்டாபோ காவலில் இருந்தார்.

லேபரைச் சித்திரவதை செய்தார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் பிணையாகக் காட்டி மிரட்டினார்கள். அக்டோபர் 20 அன்று ‘மக்கள் நீதிமன்றம்’. நீதிபதி ரோலண்ட் ஃப்ரைஸ்லர், கைதிகளைப் பார்த்துக் கூச்சல் போடுவதில் பேர் பெற்றவர். அந்த விசாரணையில் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. லேபர் நிமிர்ந்து நிற்கிறார், பக்கத்தில் போலீஸ்காரர். கன்னம் ஒட்டியிருக்கிறது, வாய் இறுக மூடியிருக்கிறது. கண் நேரே எதிரே பார்க்கிறது. அதில் கெஞ்சல் இல்லை. அவருக்கும் ரைக்வைனுக்கும் மரண தண்டனை. டாரென்டார்ஃபுக்கு ஏழு வருஷச் சிறை. ரைக்வைனை அன்றைக்கே கொன்றார்கள். லேபரை இரண்டரை மாதம் காத்திருக்க வைத்து, 1945 ஜனவரி 5 அன்று பிளோட்சன்ஸே சிறையில் கொன்றார்கள். இவ்வளவு நல்ல, நியாயமான காரியத்துக்கு உயிர் பொருத்தமான விலைதான் என்று நண்பர்களுக்கு அவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மாதம் முடியுமுன், பிப்ரவரி 3 அன்று, நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் ஃப்ரைஸ்லர் செத்தார்.

*

போருக்குப் பிறகு லேபரை எங்கே வைப்பது என்று இரண்டு ஜெர்மனிக்கும் தெரியவில்லை. மேற்கே அதிகாரிகளையும் பாதிரியார்களையும் நினைவு கூர்ந்தார்கள். கம்யூனிஸ்டுகளோடு பேசப் போய் மாட்டியவர் என்பது அங்கே சங்கடம். கிழக்கே கம்யூனிஸ்ட் தியாகிகளுக்குத்தான் முதல் மரியாதை. நடுவில் நின்றவரை மறக்க விடாமல் செய்தது மறுபடியும் அன்னெடோர்தான். பத்திரிகை நடத்தினார், பதிப்பகம் வைத்தார். ஹிட்லரை எதிர்த்து மாண்ட 64 பேரின் வாழ்க்கையை ‘மனசாட்சி எழுகிறது’ என்ற பொருள்படும் தலைப்பில் 1954இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதற்குக் கை கொடுத்தவர்களில் ஒருவர் வில்லி பிராண்ட்.

பிராண்ட் கடைசிவரை லேபரை விட்டுக்கொடுக்கவில்லை. 1944 கோடையில் ஸ்டாக்ஹோம் வந்த டிராட், லேபரின் வாழ்த்தை அவரிடம் சேர்த்திருந்தார். பதின்மூன்று வருஷப் பிணக்கு அப்படித் தீர்ந்தது. 1930இல் முல்லர் பதவி இழந்ததற்குப் பிறகு பிரதமர் நாற்காலியில் ஒரு சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் உட்கார 1969வரை ஆயிற்று. உட்கார்ந்தவர் பிராண்ட். அதிகாரத்தைக் கண்டு கூசக் கூடாது என்று ஆசிரியர் அன்று சொன்னது மாணவர் காதில் விழாமல் போகவில்லை.

1995 ஜனவரி 5, லேபர் இறந்து சரியாக ஐம்பது ஆண்டு. பெர்லினில் பிரெஞ்சுப் படை காலி செய்துவிட்டுப் போன பெரிய படைமுகாமுக்கு ஜெர்மன் ராணுவம் அன்றைக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1920இல் இடமில்லை என்று அனுப்பியவரை ராணுவம் திரும்ப அழைத்துக்கொள்ள எழுபத்தைந்து வருஷம் பிடித்தது.

ரைக்வைனைப் பற்றி இந்த வாரம் ஓரிரு வரிதான் சொல்ல முடிந்தது. பேராசிரியர் பதவியை நாஜிகள் பறித்ததும் டீஃபன்ஸே என்ற கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போன மனிதர் அவர். அடுத்த வாரம் அந்த வகுப்பறைக்குப் போவோம்.

(தொடரும்)